சுவரை வெட்டும் வைட்டமின்

வைட்டமின் சி தாவர செல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை. செல் சுவரில் ஊறியிருக்கும் நீரிலும் கரைந்திருக்கிறது. இலையின் மொத்த அளவில் அங்கே இருப்பது பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சுவரில் செல்லுலோஸ் இழைகளைச் சைலோகுளுக்கான், பெக்டின் என்னும் சர்க்கரைச் சங்கிலிகள் சூழ்ந்திருக்கின்றன.

சுவரிலுள்ள இந்த வைட்டமின் எவ்வளவு ஆக்சிஜனேற்றமடைந்திருக்கும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்னும் நொதி. ஹங்கேரி அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1930ஐ ஒட்டி முட்டைக்கோஸ் இலையில் இதைக் கண்டார். செம்பு அணுக்களைக் கொண்ட நீல நிறப் புரதம் இது. வெள்ளரி, பூசணிக் குடும்பக் காய்களில், குறிப்பாகத் தோலில், மிகுதி. வைட்டமின் சியின் எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்குக் கொடுத்து நீராக்கிவிடுகிறது.

நொதியே இல்லாமலும் சுவரில் ஒரு வினை நடக்கிறது. இந்த வைட்டமினைப் பற்றி அறியப்பட்டவற்றில் மிகவும் வியப்பூட்டுவது அதுதான். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஃப்ரை 1998இல் அதை விவரித்தார். சுவரில் ஒட்டியிருக்கும் செம்பு அயனிக்கு வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைத் தருகிறது. அதே வைட்டமின், செம்பின் துணையோடு ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. எலக்ட்ரான் பெற்ற செம்பும் பெராக்சைடும் சந்தித்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. அதன் ஆயுள் மிகமிகக் குறைவு. பிறந்த இடத்தைவிட்டு நகர நேரமில்லை. பக்கத்திலிருக்கும் சர்க்கரைச் சங்கிலியை அங்கேயே வெட்டிவிடுகிறது. சோதனைக் குழாயில் சைலோகுளுக்கான் கரைசலின் கெட்டித்தன்மை இவ்வாறு குறைந்தது. பழுக்கும் பேரிக்காயின் சுவர்ச் சங்கிலிகளிலும் இந்தத் தாக்குதலின் தடயங்களை ஃப்ரை குழுவினர் 2001இல் கண்டனர். ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்குப் பெயர்பெற்ற பொருளே ஆக்சிஜனேற்றத்தால் சுவரை இளக்கக்கூடும். பழம் மென்மையாவதைச் சுவர் நொதிகளின் கணக்கில் மட்டுமே எழுதுவது சரியல்ல.

சுவர் இறுகுவதிலும் வைட்டமின் சிக்குப் பங்குண்டு. பெராக்சிடேஸ் நொதிகள் ஃபெருலிக் அமிலம் போன்ற ஃபீனால்களைப் பிணைத்துச் சுவரை இறுக்குகின்றன. பிணைப்புக்கு முன் தோன்றும் ரேடிக்கல்களை வைட்டமின் சி பழைய நிலைக்குத் திருப்பிவிடும். அது தீரும்வரை இறுக்கம் தள்ளிப்போகும். அப்படியானால் அதை அழிக்கும் ஆக்சிடேஸ் வளர்ச்சியை நிறுத்த வேண்டும். ஆனால் விரிந்து வளரும் திசுக்களில்தான் அந்த நொதி அதிகம். பூசணியிலிருந்து அந்த நொதிக்கான மரபணுவைப் பெற்ற புகையிலைச் செல்கள் வேகமாகவே நீண்டன. இந்த முரண் முழுதாக அவிழவில்லை.

சுவர்ப் புரதமான எக்ஸ்டென்சின் உருவாகவும் வைட்டமின் சி தேவை. அதன் புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக்கும் வினை, மனித உடலில் கொலாஜனுக்கு நடப்பதை ஒத்தது. மனிதரிடம் அது தடைபட்டால் ஸ்கர்வி வருகிறது.

ஆக்சிஜனேற்றமடைந்த வைட்டமின் சுவரிலேயே சிதைந்து ஆக்சாலேட்டாகவும் திரியோனேட்டாகவும் முடியும் பாதையும் உண்டு. அதன் வினைகளை ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருப்பதால் அது அடுத்த வாரம்.