சேகரிப்பும் குவிப்பும்

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதியவர். பழைய நூல்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் என அவர் சேர்த்தவை சுமார் 1 லட்சம். அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. எத்தனை பெரிய கொடை!

இப்படிச் சேர்க்கும் பொருட்களின் எண்ணிக்கை மிகுந்தால் மட்டும் சேகரிப்பு நோயாகிவிடாது. பயனற்றதையும் கழிக்க மனம் வராமல், அடுப்படியிலும் படுக்கையறையிலும் புழங்க இடமின்றிப் பொருட்கள் அடைத்துக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இந்தக் குவிப்பைத் தனிக் கோளாறாக வகைப்படுத்தியது. வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், அவருக்குத் தெரியாமல் பொருட்களை அள்ளி எறியாதீர்கள்; வேதனைதான் கூடும். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுவழிச் சிகிச்சை உண்டு.