லோடு ஏறினால் மட்டும் தெரியும் பிழை

ஈசிஜி நார்மல். ட்ரெட்மில்லும் நார்மல். அப்புறம் ஏன் ஒரு பையன் மைதானத்தில் சுருண்டு விழறான்?

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கிற இரண்டு கொரோனரி தமனிகளும் மகாதமனியின் அடியிலிருந்து ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பணும். சிலருக்குப் பிறவியிலேயே இடது தமனி வலது பக்கத்திலிருந்து கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து வரும். அதன் வாய் பெரும்பாலும் வட்டமாக இல்லாமல் கீறல் மாதிரி இருக்கும். ஆரம்பப் பகுதி மகாதமனியின் சுவருக்குள்ளேயே போகும். வேகமாக ஓடும்போது மகாதமனி விரிய, அந்தப் பகுதி நசுங்குகிறது.

கொரோனரி தமனி இப்படித் தவறான பக்கத்திலிருந்து கிளம்பியதால் இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றி 2000ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் முன்பே ஈசிஜி எடுத்திருந்த 9 பேருக்கும், உடற்பயிற்சிச் சோதனை செய்திருந்த 6 பேருக்கும் ரிசல்ட் நார்மல்!

சிடி ஆஞ்சியோவில் வாயின் வடிவமும், சுவருக்குள் போகும் நீளமும் தெரியும். ஆனா அது படுத்திருக்கும் ஆளின் இதயம். அந்தப் படத்தை முப்பரிமாண மாடலாக்கி, கணினியில் அழுத்தத்தை ஏற்றி, ரத்த ஓட்டம் எவ்வளவு குறையுதுன்னு பார்ப்பதுதான் மாடலிங். நம்ம பாஷையில் லோடு டெஸ்ட்.

சிக்கல் என்னன்னா, சுவரின் விறைப்பு எவ்வளவு என்று வழக்கமான சிடி சொல்லாது, அனுமானிக்கணும். அனுமானம் மாறினா விடையும் மாறும். அறுவை சிகிச்சையா, விளையாட்டை நிறுத்துவதா என்று தவிக்கும் பெற்றோரிடம் ஒற்றை எண்ணை நீட்டுவது நியாயமில்லை; அதன் பிழை வரம்பையும் சொல்லணும்.

ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளைக்கு ஈசிஜி நார்மல்னு அதோடு விட்டுடாதீங்க. கொரோனரி கிளம்பும் இடத்தைப் பார்த்தாச்சான்னு டாக்டரிடம் கேளுங்க.