உடல் கிடைக்காத மரணம்

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ம் எண் பயணிகள் ரயிலைப் புயல் அலை விழுங்கியது. பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர் இறந்ததாகக் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்று இன்றும் சொல்கிறார்கள். பட்டியலிலும் பெயர் இல்லை, உடலும் இல்லை என்றால், இறந்ததை நிரூபிக்கும் வேலை குடும்பத்தின் தலையில்தான் விழும்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் இது பழங்கதை அல்ல. வலை இழுக்கும்போது தவறி விழுந்தவர், காற்றில் கவிழ்ந்த நாட்டுப்படகோடு போனவர் எல்லோரையும் கடல் திருப்பித் தருவதில்லை. மரைன் போலீஸில் ‘மேன் மிஸ்ஸிங்’ வழக்கு பதிவாகும். விசைப்படகு என்றால் கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுத்த டோக்கன் இருக்கும். கூடப் போனவர்களின் வாக்குமூலமும் இருக்கும். தேடுதல் நின்ற பிறகுதான் இழுபறி. ரேஷன் கார்டில் அவர் பெயர் அப்படியே நிற்கும். வாரிசுச் சான்றிதழ் கேட்டால், முதலில் இறப்புச் சான்றிதழ் எங்கே என்பார்கள்.

ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்றது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ம் பிரிவு. 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்தில் அது 111-ம் பிரிவு. ஏழு ஆண்டு மாறவில்லை. ஆனால், வேறு சாட்சியம் இல்லாதபோது கைகொடுக்கும் அனுமானம்தான் அது. அலை அடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர் இருந்தால், அதற்கு முன்பே மரணத்தை நிரூபிக்கத் தடையில்லை. இருந்தும், ‘ஏழு வருஷம் ஆகட்டும்’ என்று திருப்பி அனுப்புவது கொடுமை.

காத்திருந்தாலும் சிக்கல் தீராது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், ஏழாண்டு அனுமானம் இறப்பை மட்டுமே சொல்லும், இறந்த தேதியைச் சொல்லாது என்றது. அதாவது, காணாமல் போன நாளே இறந்த நாள் ஆகிவிடாது. இடையில் பிரீமியம் கட்டாத பாலிசி காலாவதியாகிவிடும். சம்பாதித்தவரே இல்லாத வீட்டில் பிரீமியம் யார் கட்டுவது?

அரசு நினைத்தால் வழி இருக்கிறது. 2013 உத்தராகண்ட் வெள்ளத்துக்குப் பிறகு, உள்ளூரில் விசாரித்து, பெயர்களை வெளியிட்டு, ஆட்சேபத்துக்கு அவகாசம் கொடுத்து இறப்புச் சான்றிதழ் வழங்க மத்திய அரசு தனி நடைமுறை வகுத்தது. 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போன குமரி மீனவர்களின் குடும்பங்களும் ஏழு ஆண்டு காத்திருக்க வைக்கப்படவில்லை. 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைத்தது. எதிர்க்கரையான இலங்கையில், போரில் காணாமல் போனவர்களுக்காக 2016-ல் சட்டம் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே ‘காணவில்லை’ என்று சான்றளிக்க வழிசெய்தார்கள்.

நூறு பேர் போனால் தனி ஆணை வருகிறது. ஒரு வத்தைப் படகில் இரண்டு பேர் போனாலும் அதே விசாரணையை மாவட்ட அளவில், சில மாதங்களுக்குள், நடத்தி முடிக்க நிரந்தர ஆணை வேண்டும். டோக்கன், வாக்குமூலம், அன்றைய வானிலை அறிக்கை, தேடுதல் பதிவு எல்லாம் அரசு அலுவலகங்களிலேயே இருக்கின்றன.