புதிய பெட்டியா, பழகிய பெட்டியா?

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். முதல் நாள் மாலைதான் அவர் வீட்டுக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. 43 அங்குலத் திரை. மாதம் 1,500 ரூபாய் வீதம் 20 மாதங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த 30,000 ரூபாயைக் கொடுத்து வாங்கியது. மகிழ்ச்சியோடு இருக்க வேண்டியவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது.

"சார், யாரோ பார்த்த பெட்டியைப் புதுசுன்னு கொடுத்திட்டாங்களோன்னு பாப்பா சந்தேகப்படறா. கடையில போய்க் கேட்கலாம்தான். ஆனா நம்ம சந்தேகம் தப்பாப் போச்சுன்னா, அவர் மேல வீண்பழி சுமத்தின மாதிரி ஆயிடுமே!"

அவருடைய கவலை நியாயமானது. மோசம் போகக் கூடாது. குற்றமற்ற ஒருவர் மீது பழி போடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே வழி காட்ட வல்லது சான்று ஒன்றுதான். சான்றைத் தேடுவதும் எடை போடுவதும் அறிவியலின் வேலை அல்லவா? ஒரு கைவிளக்கையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவருடன் சென்றேன்.

ஒரே ஒரு கேள்வி

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் எங்களுக்காகக் காத்திருந்தாள். "அட்டைப் பெட்டியில ஒட்டுநாடா மேல இன்னொரு ஒட்டுநாடா ஒட்டியிருக்கு, மாமா" என்றாள்.

நல்ல கவனிப்புத்தான். ஆனால் இதை வைத்து முடிவு கட்டிவிடலாமா? வழியில் அட்டை பிரிந்துபோயிருந்தால் ஏற்றி இறக்குபவர்களே மறுபடி ஒட்டியிருக்கலாம். ஆகவே, எந்த அடையாளத்தைக் கண்டாலும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "முற்றிலும் புதிய பெட்டியிலும் இவ்வடையாளம் தோன்றக் கூடுமா?" கூடும் என்றால் அது வலுவற்ற சான்று. கூடாது என்றால் வலுவான சான்று.

அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்த வரிசை எண்ணையும், தொலைக்காட்சியின் முதுகில் ஒட்டியிருந்த வரிசை எண்ணையும் ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நண்பர் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் மகள் விடவில்லை. "பழைய பெட்டியை அதோட சொந்த அட்டையிலேயே திரும்ப வைச்சிருந்தா?" என்று கேட்டாள். சரியான கேள்வி! எண்கள் மாறுபட்டிருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. ஒத்திருப்பதால் மட்டும் பெட்டி புதியது என்று ஆகிவிடாது.

தூசி சொல்லும் சேதி

அடுத்து அறையை இருட்டாக்கினோம். தொலைக்காட்சியின் முதுகிலுள்ள காற்றுத் துளைகளுக்குக் கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தோம். வழவழப்பான பரப்பின் மேல் ஒளி சாய்வாக விழுந்தால் எதிர்ப்புறமாகத் தெறித்துப் போய்விடும். நம் கண்ணை எட்டாது. ஆனால் அங்கே ஒரு தூசித்துகளோ கீறலோ இருந்தால், அது ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். எனவே இருண்ட பின்னணியில் தூசி மட்டும் பளிச்சென்று தெரியும்.

மேல்வரிசைத் துளைகளின் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு இருந்தது. இது எப்படி வந்திருக்கும்?

தொலைக்காட்சி இயங்கும்போது அதன் உட்புறம் சூடாகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழும்பி, மேல் துளைகள் வழியே வெளியேறுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கீழ்த் துளைகள் வழியே அறைக்காற்று உள்ளே நுழைகிறது. இதுவே வெப்பச் சலனம். காற்றோடு வந்த தூசியில் ஒரு பகுதி துளைகளின் விளிம்புகளில் தங்கிவிடுகிறது. வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடலாம். துளைகளின் உட்புறத்தைத் துடைப்பது எளிதன்று. பாலிதீன் உறைக்குள் மூடப்பட்டுக் கிடங்கிலேயே இருந்த பெட்டியில் இத்தகைய காற்றோட்டத்துக்கு வழியில்லை. எனவே இது ஓரளவு வலுவான சான்று.

படக்குழாய்த் தொலைக்காட்சிகள் இருந்த காலத்தில் தூசி இன்னும் விரைவாகச் சேரும். அவற்றின் குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் தரப்பட்டது. அதனால் திரையில் தோன்றிய நிலைமின்சாரம் தூசியைச் சுண்டி இழுத்தது. இன்றைய தட்டைத் திரைகளுக்கு அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் தேவையில்லை.

திருகாணியின் சாட்சியம்

தொலைக்காட்சியின் கால்களைப் பொருத்தியது நண்பரின் மகள்தான். "ஸ்குரூ ரொம்ப லேசாப் போயிடுச்சு, மாமா" என்றாள்.

இந்தப் பெட்டியில் கால்களைத் தாங்கும் துளைகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அத்துளையில் முதன்முறை நுழையும் திருகாணி, பிளாஸ்டிக்கை அறுத்துத் தனக்கான புரியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதற்கு நாம் வேலை செய்தாக வேண்டும். ஆகவே முதல்முறை திருகும்போது கை வலிக்கும். இரண்டாம் முறை புரி ஏற்கெனவே இருப்பதால் உராய்வை மட்டும் வென்றால் போதும். பூதக்கண்ணாடியால் பார்த்தோம். துளையின் வாயில் சிறு பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஆனால் அவற்றை உண்டாக்கியது முந்திய சனிக்கிழமையா, அதற்கு முன்னரா என்று எப்படிச் சொல்வது? திருகும்போது கை உணர்ந்த எளிமை நினைவில் இருக்கிறதே தவிர, அளந்து வைக்கப்படவில்லை. ஆகவே இதை நடுத்தரச் சான்று என்று குறித்துக்கொண்டோம். உலோகப் புரி பதித்த துளைகளுக்கு இச்சோதனை பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

மறையாத நிழல்

திரையே சாட்சி சொல்லும் பெட்டிகளும் உண்டு. ஓலெட் எனப்படும் கரிம ஒளி உமிழ் டையோடு திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்கிறது. இவ்வகை டையோடை 1987-ஆம் ஆண்டில் திறம்பட இயங்கும் வடிவில் அறிவித்தவர்கள் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற ஆய்வாளர்கள். இதிலுள்ள கரிமப் பொருள் ஒளிரும்தோறும் சிறிது சிறிதாகத் திறன் குன்றுகிறது. அலைவரிசைச் சின்னம் ஒரே மூலையில் பல மாதங்கள் நிலையாக நின்றால், அங்குள்ள புள்ளிகள் மற்றவற்றினும் அதிகமாகத் தேய்கின்றன. திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தைக் காட்டினால் சின்னத்தின் நிழல் தெரியும்.

நண்பர் வாங்கியதோ திரவப் படிகத் திரை. இதில் படப்புள்ளிகள் ஒளிர்வதில்லை. பின்னாலுள்ள விளக்குகளின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் விடும் கதவுகளாக மட்டுமே இயங்குகின்றன. ஆகவே நிலையான நிழலைத் தேடிப் பயனில்லை. செத்த புள்ளிகள் உண்டா என்று சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய நிறங்களை முழுத் திரையிலும் காட்டிப் பார்த்தோம். கிடைமட்டத்தில் 3,840, செங்குத்தில் 2,160 ஆக மொத்தம் 82,94,400 புள்ளிகள். குறை ஏதும் தெரியவில்லை.

மறக்காத நினைவகம்

திங்கட்கிழமை, பெட்டியின் இயக்கத்தை விளக்கிச் செல்ல உற்பத்தி நிறுவனத்தின் தொழில்நுட்பர் வந்தார். இயங்கிய நேரத்தைக் காட்டுமாறு அவரைக் கேட்டுக்கொண்டோம். பல தொலைக்காட்சிகள் தாம் இயங்கிய மொத்த நேரத்தை எண்ணி, உள்ளேயிருக்கும் நினைவகத்தில் பதித்து வருகின்றன. மின்சாரம் நின்றாலும் இப்பதிவு அழியாது. ஏன்?

இத்தகைய நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும், நாற்புறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய மின்வாய் உண்டு. அதற்கு மிதக்கும் வாயில் என்று பெயர். 1967-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவோன் காங், சைமன் ஸே இருவரும் உருவாக்கிய அமைப்பு இது. அதற்குள் செலுத்தப்பட்ட எலெக்ட்ரான்கள் வெளியேற வழியின்றிப் பல ஆண்டுகள் சிறைப்பட்டிருக்கும். பார்ப்பவர் செய்த மாற்றங்களையெல்லாம் துடைத்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்தாலும், இயங்கிய நேரக் கணக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

தொழில்நுட்பர் பழுதுபார்ப்போருக்கான பட்டியலைத் திறந்தார். 412 மணி!

தொழிற்சாலையில் சோதிக்கும்போது சில மணி நேரம் ஓடியிருக்கலாம். சனி, ஞாயிறு இரு நாளும் இவர்கள் வீட்டில் ஓடியது 9 மணி. 412 மணிக்கு இவை போதா. நாளொன்றுக்கு 10 மணி வீதம் கடையில் காட்சிக்கு வைத்திருந்தால் ஏறக்குறைய 41 நாட்கள். வீட்டில் நாளுக்கு 4 மணி வீதம் பார்த்திருந்தால் 103 நாட்கள். இவற்றில் எது நடந்தது என்பதை அந்த எண் சொல்லவில்லை. ஆனால் பெட்டி புதியதன்று என்பதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. தூசியும் திருகாணியும் சொன்னது இதனோடு பொருந்தியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழகிய பெட்டி கெட்டுப்போன பெட்டி ஆகாது. பின்விளக்கின் ஆயுள் 30,000 மணி என்று கொண்டால் 412 மணி அதில் 1.4 சதவீதம்கூட இல்லை. படத்தின் தரத்தில் வேறுபாடு தெரியாது. குறை படத்தில் இல்லை. விலையிலும் சொல்லிலும்தான் இருக்கிறது. "காட்சிக்கு வைத்தது" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுத்திருந்தால் நண்பர் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பார்.

கடைக்குப் போனோம். நண்பர் குரலை உயர்த்தவில்லை. எண்ணைக் குறித்த தாளையும் தூசியின் ஒளிப்படத்தையும் மேசை மீது வைத்தார். கடைக்காரர் கிடங்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். காட்சிக்கு வைத்த பெட்டியை அதன் அட்டையிலேயே திரும்பக் கட்டியதும், அது புதியவற்றோடு கலந்துவிட்டதும் தெரிந்தன. அவர் வருத்தம் தெரிவித்து அன்று மாலையே வேறு பெட்டி அனுப்பினார். அதன் கணக்கு 2 மணி காட்டியது.

கடைக்காரர் மறுத்திருந்தால்? அதற்கும் வழி உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கும் சான்றுகளே பேசும். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பழுதுபார்ப்போருக்கான பட்டியலில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். தவறான ஒரு மாற்றம் பெட்டியையே முடக்கிவிடலாம்.

செய்து பாருங்கள்

நன்கு துடைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றை இருட்டறையில் வையுங்கள். கைவிளக்கை முதலில் நேர் மேலிருந்தும், பிறகு தட்டை ஒட்டினாற்போல் சாய்வாகவும் பிடியுங்கள். எந்த நிலையில் கீறல்களும் தூசியும் அதிகமாகத் தெரிகின்றன? தட்டைத் துடைத்தபின் மறுபடி பாருங்கள். எவை மறைந்தன, எவை மறையவில்லை என்று எழுதி வையுங்கள். சுத்தமானது என்று நீங்கள் எண்ணிய தட்டு, தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்.