உரிமம் ஒரு மாநிலத்தில், விளைவு வேறொன்றில்!

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வழங்குபவை மாநிலங்களே. பிற மாநில உரிமத்தை ஏற்பதா என்பதையும் அவையே முடிவு செய்கின்றன. இந்த உரிமம் நாடு முழுவதும் செல்லுபடியாக வேண்டும் என்ற மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2017 டிசம்பரில் நிறைவேற்றியது, செனட் நிறைவேற்றவில்லை. ஆயினும் அக்கோரிக்கை ஓயவில்லை.

ஓட்டுநர் உரிமம் எங்கும் செல்லும்போது இது ஏன் செல்லக் கூடாது என்கின்றனர் ஆதரவாளர்கள். ஓட்டுநர் உரிமத்துக்கு எல்லா மாநிலங்களிலும் தேர்வு உண்டு. அதை மாநிலங்கள் தாமாகவே பரஸ்பரம் ஏற்றுக்கொண்டன. துப்பாக்கி விஷயத்தில் அந்தப் பொதுத்தன்மை இல்லை. சில மாநிலங்கள் பயிற்சியைக் கட்டாயமாக்குகின்றன. பாதிக்கும் மேற்பட்டவற்றில் உரிமமே தேவையில்லை.

பொதுவெளியில் துப்பாக்கி ஏந்துவது அரசமைப்பு உரிமை என்று 2022-இல் புரூயென் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால், உரிம முறையே கூடாது என அது கூறவில்லை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும் சிக்கல் இதுதான்: ஒரு மாநிலம் விதியைத் தளர்த்தினால், அதன் விலையை இன்னொரு மாநிலத்தவரும் தர நேரிடும். டெக்சாஸ் சட்டமன்றத்தின் முடிவுக்காக நியூயார்க் வாக்காளர் யாரிடம் கணக்குக் கேட்பார்? கூட்டாட்சி அரசு தலையிடுவதாயின், குறைந்தபட்சத் தகுதியை முதலில் வரையறுக்கட்டும். அங்கீகாரம் அதன் பின் வரட்டும்.