திரைக்கதைப் போட்டிகள்: எதற்கு அனுப்பலாம், எதைத் தவிர்க்கலாம்?

சினிமாவுக்குக் கதை எழுத வேண்டும் என்ற ஆவல் சென்னையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியிருந்துகொண்டு, வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் எழுதிக் குவித்துவரும் தமிழ் அன்பர்கள் மும்பையிலும் உண்டு. தயாரிப்பாளரை நேரில் சந்திக்க வழியில்லாத இவர்களுக்குத் திரைக்கதைப் போட்டிகளே திறந்திருக்கும் வாசலாகத் தோன்றுகின்றன. ஆனால் எல்லா வாசலும் உள்ளே கொண்டுபோய் விடும் என்று சொல்வதற்கில்லை. நுழைவுக் கட்டணம் போவது சிறு நஷ்டம். இரண்டு மூன்று ஆண்டு உழைப்பின் உரிமையே கைவிட்டுப் போவது பெரு நஷ்டம்.

போட்டியால் பயன் உண்டா?

உண்டு என்பதற்கு மும்பையிலேயே சான்று இருக்கிறது. 2018ல் சினிஸ்தான் நிறுவனம் நடத்திய போட்டியில் பிப்லப் கோஸ்வாமி எழுதிய 'டூ பிரைட்ஸ்' என்ற திரைக்கதை கலந்துகொண்டது. அதற்கு முதற்பரிசு கிடைக்கவில்லை. அடுத்த நிலையே கிடைத்தது. ஆயினும் நடுவர்களில் ஒருவரான ஆமீர் கானின் கவனத்தை அது ஈர்த்தது. கிரண் ராவ் இயக்கத்தில் 'லாபதா லேடீஸ்' என்ற பெயரில் 2024 மார்ச்சில் திரைக்கு வந்து, அவ்வாண்டே ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பரிசுத் தொகையைவிட, படிக்கப்போகிறவர் யார் என்பதே முக்கியம் என்பது ஒன்று. படத்தின் திரைக்கதையையும் வசனத்தையும் பின்னர் எழுதியவர் சினேகா தேசாய் என்பது மற்றொன்று. போட்டியில் வென்ற பிரதி அப்படியே படமாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

யார் நடத்துகிறார்கள்?

நடுவர்களின் பெயரை வெளியிடாத போட்டியைச் சந்தேகத்துடனே பார்க்க வேண்டும். முன்பு வென்ற கதைகள் எவை, அவற்றுள் படமானவை எத்தனை என்று விசாரிப்பதும் அவசியம். பரிசுப் பணத்தைவிடப் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட ஏற்பாடுகளும் உண்டு. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007ல் தொடங்கிய திரைக்கதைப் பயிலரங்கு அத்தகையது. தேர்ந்தெடுத்த சிலரை அனுபவசாலிகளிடம் உட்காரவைத்துக் கதையைத் திருத்தி எழுதச் செய்வது அதன் முறை. அலங்கிரிதா ஸ்ரீவஸ்தவாவின் 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா' அந்தப் பயிலரங்கைக் கடந்து வந்த படமே.

கட்டணத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு போட்டிக்கு 1,000 பேர் தலைக்கு 1,000 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வரவு 10 லட்சம். பரிசு 50,000 என்றால் மீதி எங்கே போகிறது? வாசகர்களுக்கும் நடுவர்களுக்கும் நியாயமான சம்பளம் தந்தால் சரி. கலந்துகொண்ட எல்லோருக்கும் 'அரையிறுதி' சான்றிதழ் கொடுத்து, கருத்துரைக்குத் தனிக் கட்டணம், விழாவுக்குத் தனிக் கட்டணம் என்று கேட்கிறவர்கள் கதை தேடுகிறவர்கள் அல்லர்.

மொழி விதியையும் பார்க்க வேண்டும். ஆஸ்கார் அகாடமியின் நிக்கல் உதவித்தொகைப் போட்டி 1986 முதல் நடப்பது, புகழ்பெற்றது. ஆனால் ஆங்கிலத்திலேயே எழுதிய மூலத்துக்குத்தான் அங்கு இடம். தமிழிலிருந்து பெயர்த்தது செல்லாது. மேலும் 2025 முதல் அகாடமிக்கு நேரே அனுப்பும் வழியும் இல்லை. அகாடமி ஏற்றுக்கொண்ட நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

விதிமுறைகளில் உரிமை பற்றிய பகுதியை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். 'அனுப்பப்படும் கதைகள் யாவும் அமைப்பாளருக்கே உரியவை' என்றிருந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. வெற்றி பெற்ற கதையை முதலில் பரிசீலிக்கும் வாய்ப்பைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கேட்பது வேறு; தோற்றவர்களின் கதையையும் சேர்த்து எடுத்துக்கொள்வது வேறு.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள் என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. படம் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது எழுத்தாளருக்கு உரிய ராயல்டிப் பங்கை எழுதிவாங்கிக்கொள்ள முடியாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

பதிவு செய்த பிறகே

வெறும் கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறக்கலாகாது. பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வதை வைத்து 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார் ஆர். ஜி. ஆனந்த். 1956ல் வந்த 'நியூ டெல்லி' என்ற ஹிந்திப் படம் அதன் நகல் என்று வழக்காடினார். 1978ல் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருத்து பொதுச்சொத்து, அதை எழுதிய விதத்துக்கே உரிமை என்பது அதன் சாரம்.

ஆகவே ஒருவரிக் கதையை அனுப்பாமல், முழுமையாக எழுதி, மும்பையிலுள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கம் போன்ற இடத்தில் பதிவு செய்த பின்பே அனுப்ப வேண்டும். 2025 ஏப்ரலில் 'லாபதா லேடீஸ்' ஓர் அரபுக் குறும்படத்தைப் போலிருக்கிறது என்ற பேச்சு எழுந்தபோது, கோஸ்வாமி எடுத்துக்காட்டியது அந்தச் சங்கத்தில் 2014ல் கதைச் சுருக்கத்தையும் 2018ல் முழுத் திரைக்கதையையும் பதிவு செய்த தேதிகளைத்தான். அந்தக் குறும்படம் வந்ததோ 2019ல்.

ஆண்டுக்குப் பத்துப் போட்டிகளுக்குப் பணம் கட்டுவதைவிட, ஆராய்ந்து தேர்ந்த இரண்டுக்கு அனுப்புவது மேல். மிஞ்சும் பணத்தையும் பொழுதையும் அடுத்த திருத்தத்துக்குச் செலவிடலாம். பரிசு வந்தாலும் வராவிட்டாலும் திருந்திய பிரதி எழுதியவரிடமே இருக்கும்.