நத்தையின் மூச்சும் வயல் மருந்தும்

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி போகும் வழியில் ஒரு நெல்வயல் வரப்பில் விடிகாலையில் குந்தியிருந்தேன். சேற்றிலிருந்து வயல் நத்தை ஒன்று மெல்ல ஏறி வந்தது. உடலின் இடப்பக்கமிருந்து சதைக்குழாய் ஒன்றை நீர்மட்டம் வரை நீட்டியது. உடம்பு முன்னும் பின்னும் அசைய அசைய, குழாய் வழியே காற்று உள்ளே போனது. பிறகு குழாயைச் சுருக்கிக்கொண்டு அடியில் இறங்கிவிட்டது. செவுளும் உண்டு, காற்றை வைத்துக்கொள்ள நுரையீரல் பையும் உண்டு இதற்கு.

மூச்செடுக்க எப்போது மேலே வர வேண்டும் என்று இதற்குச் சொல்வது யார்?

குளிர்நாட்டுக் குளங்களில் வாழும் லிம்னேயா என்ற நத்தையில் இதற்கு விடை கிடைத்தது. நத்தைகளின் நரம்பு செல்களில் பல மிகப் பெரியவை. நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன செல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிடலாம். 1990இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்றே மூன்று செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். அவை ஒன்றோடொன்று இணைந்தன. ஒன்றைத் தூண்டியதும், நத்தை மூச்சுவிடும் அதே தாளத்தில் மின்துடிப்புகள் கிளம்பின. உடம்பே இல்லாமல் ஒரு மூச்சு!

2015இல் ஹங்கேரியில் பாலட்டன் ஏரிக்கரை ஆய்வகத்தில், அந்த மூன்றில் இரண்டு செல்களுக்கு இடையே நடக்கும் பேச்சைக் கவனித்தார்கள். சேதியைச் சுமந்து போவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். இமிடாகுளோப்ரிட் பட்டதும் சேதி மங்கியது. நம் விவசாயிகள் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு அடிக்கும் அதே மருந்துதான். பூச்சியின் நரம்பை இது ஓயாமல் துடிக்க வைத்துக் கொல்லும். நத்தையிலோ, சேதி நுழையும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆய்வில் சேர்த்த அளவு வயல் நீரில் வழக்கமாகக் கரைந்திருப்பதைவிட அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாலத்தியான் போன்ற பழைய மருந்துகளின் வழி வேறு. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைக்கும் நொதியையே அவை முடக்கிவிடும். கால்நடைகளுக்கு ஈரல் புழு பரப்பும் நத்தைகளில் கோரக்பூர் பல்கலைக்கழகத்தார் 1980களிலேயே இத்தகைய மருந்துகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இறாலும் நீர்ப்பூச்சியும் செத்து மிதக்கும் அளவு மருந்திலும் நத்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் 'நத்தைக்கு ஒன்றும் ஆகாது' என்று எளிதாக முடிவுகட்டிவிடுகிறோம். செத்ததை மட்டும் எண்ணுவது தவறான கணக்கு என்பேன். உயிரோடு இருந்தும் நரம்பு மங்கிய நத்தை நேரத்துக்கு மூச்செடுக்குமா, இரை தேடுமா, முட்டையிட ஈர இடம் பார்த்து ஏறுமா? இதே நத்தையை நம்பித்தான் நத்தை குத்தி நாரை வயலில் இறங்குகிறது.

மருந்து அடித்த கையோடு மடையைத் திறந்துவிடாதீர்கள். சில நாட்களாவது அந்தத் தண்ணீர் உங்கள் வயலிலேயே நிற்கட்டும். வாய்க்காலுக்குப் போனால் அது ஆற்றுக்குப் போகும். ஆரணி ஆறு போய்ச் சேரும் இடம் பழவேற்காடு ஏரி, இறால் பிடித்துப் பிழைக்கும் நம் மக்களின் ஏரி.